அரங்கேற்றம் முதல் ஆடலாக்கம் வரை

பகாங் மாநிலத்தின் கேமரன் மலைத்தொடரில், வடகோடியில் அமைந்த சிற்றூர் கம்போங் ராஜா. ஈப்போவை அடுத்த சிம்பாங் பூலாயிலிருந்து மலையேறும் சாலை இவ்வூரை வந்தடைகிறது. இதனை அடுத்துப் புளூ வேலித் தேயிலைத் தோட்டம் விரிந்து கிடக்கிறது. 1885ஆம் ஆண்டில் வில்லியம் கேமரன் என்னும் நில அளவையாளர் இம்மலைப் பகுதியைக் கண்டறிந்து குறித்தார். 1929ஆம் ஆண்டில் போ தேயிலைத் தோட்டம் தோன்றியது. காட்டை வெட்டிச் சாய்த்து, சரிவுகளில் தேயிலைச் செடியை ஊன்றி, குளிரிலும் மழையிலும் கொழுந்து கிள்ளியவர்களுள் பெரும்பாலோர் தமிழ்த் தொழிலாளர்களே. அவர்கள் தம் உழைப்பை மட்டும் கொண்டு வரவில்லை; கரகம், காவடி, கும்மி, கோலாட்டம் எனத் தாம் பிறந்த ஊரின் ஆடல்களையும் உடன் கொண்டு வந்தனர். மலாயாத் தோட்டங்களில் மாரியம்மன் திருவிழா என்றால் அவ்வாடல்கள் இன்றி விழா நிறைவுறாது.

ஆயினும், ‘செவ்வியல் ஆடல்’ எனப் போற்றப்படும் பரதநாட்டியம் தோட்டத்துப் பிள்ளைக்கு நெடுங்காலம் எட்டாக் கனியாகவே இருந்தது. ஆசான் நகரத்தில் இருந்தார். பயிற்சிக்குப் பொருள் வேண்டும். அரங்கேற்றத்திற்கோ பெரும்பொருள் வேண்டும். ஆகவே, பள்ளி ஆண்டு விழாவிற்கு ஒரு பாடல், அதற்கு நான்கு அசைவுகள் என்ற அளவில் ஆடல் சுருங்கிற்று. ஆடல் என்பது எத்துணை ஆண்டுப் பயிற்சியின் விளைவு என்பதும், பயின்றவர் ஒருவர் தாமே ஆடல்களைப் படைக்கும் ஆசானாக வளர்வது எங்ஙனம் என்பதும் மாணவர் அறியாத செய்திகளாயின. இச்செய்திகளை விளக்குதற்கு இம்மலேசிய மண்ணிலேயே தக்கதொரு வரலாறு உண்டு. அது காஜாங்கில் பிறந்த ஒரு மலாய் இளைஞரின் வரலாறு. ராம்லி இப்ராகிம் என்பது அவர் பெயர்.

மாதவி கற்ற ஏழாண்டு

ஆடற்பயிற்சி பற்றிப் பேசப் புகும் தமிழ் மாணவர் முதலில் நினைவு கூர வேண்டியது சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையாகும். மாதவி ஐந்தாம் ஆண்டில் பயிற்சி தொடங்கி, ஏழாண்டு கற்று, பன்னிரண்டாம் ஆண்டில் சோழ மன்னன் முன் அரங்கேறினாள் என இளங்கோவடிகள் காட்டுகிறார். அவளுக்குத் துணை நின்றவர்கள் ஆடலாசான், இசையாசிரியன், புலவன், தண்ணுமையாசிரியன், குழலாசிரியன், யாழாசிரியன் என அறுவர். ஒவ்வொருவர்க்கும் உரிய தகுதிகளும் அங்கே வகுத்துரைக்கப்பட்டுள்ளன. எட்டுக் கோல் நீளம், ஏழு கோல் அகலம், ஒரு கோல் உயரம் என அரங்கின் அளவும் கூறப்பட்டுள்ளது.

இதிலிருந்து இரண்டு உண்மைகள் புலப்படும். ஒன்று, ஆடுவார் ஒருவராயினும் ஆடல் பலர் கூடி ஆக்குவது. மற்றொன்று, அங்கே முதன்மை பெறுவோன் ஆடலாசான். வேத்தியல், பொதுவியல் என்னும் இருவகைக் கூத்தின் இயல்பும் அவன் அறிந்திருத்தல் வேண்டும். வேத்தியல் அரசர் அவைக்குரியது. பொதுவியல் மக்கள் மன்றத்திற்குரியது. ஒன்றை மட்டும் அறிந்தவனை இளங்கோவடிகள் முழுமை பெற்ற ஆசானாகக் கொள்ளவில்லை. இக்கருத்து, பதினைந்து நூற்றாண்டுகட்கு மேல் கழிந்த பின்னும் பொருந்தி நிற்பதை இக்கட்டுரையின் இறுதியில் காணலாம்.

கை மாறிய கலை

தமிழகத்தில் இக்கலை நெடுங்காலம் தேவரடியார் குடும்பங்களிடமும் நட்டுவனார் மரபினரிடமும் வாழ்ந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் தஞ்சை அரசவையில் விளங்கிய சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு ஆகிய உடன்பிறந்தார் நால்வர் ஆடல் நிகழ்ச்சிக்கு ஒழுங்கான ஒரு வரிசையை வகுத்தனர். அலாரிப்பு, ஜதிஸ்வரம், சப்தம், வர்ணம், பதம், தில்லானா என்னும் அவ்வரிசையையே இன்றும் ஆடுவோர் பின்பற்றுகின்றனர். அவர்கள் வழித்தோன்றலே பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளை.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தேவரடியார் முறையை ஒழிக்க வேண்டும் என்ற இயக்கம் வலுப்பெற்றது. 1932ஆம் ஆண்டின் இறுதியில், ஆடலே ஒழிய வேண்டுமா, அன்றி முறை ஒழிந்து ஆடல் வாழ வேண்டுமா என்பது பற்றி டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியும் ஈ. கிருஷ்ண ஐயரும் நாளிதழ்களில் சொற்போர் நிகழ்த்தினர். மதுரையில் 1904ஆம் ஆண்டு பிறந்த ருக்மிணி தேவி, மயிலாப்பூர் கௌரி அம்மாளிடமும் பின்னர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடமும் பயின்று 1935ஆம் ஆண்டு அடையாற்றில் மேடையேறினார். 1936ஆம் ஆண்டு கலாக்ஷேத்திரம் உருவாயிற்று. 1947ஆம் ஆண்டு சென்னை மாகாணத்தில் தேவரடியார் முறை சட்டத்தால் தடை செய்யப்பட்டது.

இம்மாற்றத்தில் வரவும் உண்டு, செலவும் உண்டு. பள்ளிக்கூடம் போன்ற ஒழுங்கான கல்வி முறை அமைந்ததும், குலம் கருதாது எவரும் பயிலலாம் என்ற நிலை தோன்றியதும் வரவு. தலைமுறை தலைமுறையாகக் கலையைக் காத்த மகளிர் மேடையினின்றும் மறைந்தது செலவு. அம்மரபில் வந்த பாலசரஸ்வதி ஒருவர், 1984ஆம் ஆண்டு மறையும் வரை, சிருங்காரமே இக்கலையின் உயிர் என்று வாதிட்டு, தம் ஆடலாலேயே அதனை மெய்ப்பித்து வந்தார். ‘இக்கலை யாருக்கு உரியது?’ என்னும் வினா அன்றே எழுந்துவிட்டது. அவ்வினாவே பின்னாளில் கடல் கடந்து கோலாலம்பூருக்கும் வந்தது.

ருக்மிணி தேவி தொடங்கி வைத்த மற்றொரு பணி நாட்டிய நாடகமாகும். 1944ஆம் ஆண்டு குற்றாலக் குறவஞ்சியை மேடையேற்றினார். 1955ஆம் ஆண்டு முதல் 1970ஆம் ஆண்டு வரை வால்மீகி இராமாயணத்தை ஆறு பகுதிகளாக ஆக்கினார். தனி ஒருவர் ஆடும் ஆடலைப் பலர் ஆடும் ஆடலாக விரிக்கும் கலை அங்கே வளர்ந்தது. அச்சூழலில் வளர்ந்தவர்களுள் ஒருவரே அடையாறு கே. லட்சுமணன். 1933ஆம் ஆண்டு ஆந்திரத்துக் குப்பத்தில் பிறந்த அவர், 1944ஆம் ஆண்டு சிறுவனாகக் கலாக்ஷேத்திரத்தில் சேர்ந்தார். ஆடலோடு நட்டுவாங்கத்திலும் மிருதங்கத்திலும் தேர்ந்தார். 1969ஆம் ஆண்டு சென்னையில் பரத சூடாமணி என்னும் தம் பள்ளியை நிறுவினார். 2014ஆம் ஆண்டு மறையும் வரை அவர் உருவாக்கிய மாணவர் பலர். அவர்களுள் ஒருவர் ராம்லி.

காஜாங்கிலிருந்து சென்னை வரை

ராம்லி இப்ராகிம் 1953ஆம் ஆண்டு சிலாங்கூர் மாநிலத்துக் காஜாங்கில் பிறந்தார். அரச இராணுவக் கல்லூரியில் பயின்று, பின்னர் மேற்கு ஆஸ்திரேலியப் பல்கலைக்கழகத்தில் இயந்திரப் பொறியியல் கற்றார். பொறியியல் மாணவராயினும் அவர் மனம் ஆடலில் தோய்ந்தது. மேலைநாட்டுப் பாலே ஆடலிலும் நவீன ஆடலிலும் பயிற்சி பெற்று, சிட்னி ஆடற்குழுவில் ஆடுநராக விளங்கினார். அதே காலத்தில் அடையாறு லட்சுமணனிடம் பரதநாட்டியமும், ஒடிசாவின் குரு தேபபிரசாத் தாஸிடம் ஒடிசி ஆடலும் கற்றார்.

இங்கு மாணாக்கர் ஊன்றி நோக்க வேண்டியது ஒன்றுண்டு. பாலே ஆடலில் உடல் மண்ணை விட்டு எழ முயல்கிறது, முழங்கால்கள் நிமிர்கின்றன, கால்விரல் நுனியில் உடல் நிற்கிறது. பரதநாட்டியத்திலோ அரைமண்டி அடிப்படை. உள்ளங்கால் மண்ணை அறைகிறது. உடல் கோடுகளாகவும் முக்கோணங்களாகவும் விரிகிறது. ஒடிசியிலோ திரிபங்கம் உயிர்நிலை. தலை, மார்பு, இடை ஆகிய மூன்றும் மூன்று திசையில் வளைந்து நிற்க வேண்டும். சௌகம் என்னும் சதுர நிலையும் உண்டு. ஒன்றில் பழகிய உடல் மற்றொன்றிற்கு எளிதில் பணியாது. பரதத்தில் அசையாது நிற்க வேண்டிய மார்புப் பகுதி ஒடிசியில் அலையென அசைய வேண்டும். எனவே ஒவ்வோர் ஆசான் முன்னும் அவர் மீண்டும் தொடக்க மாணவராக நின்று, அடவு முதல் கற்க வேண்டியிருந்தது. ஒரு கலையில் மேடை கண்ட ஒருவர் மற்றொன்றில் ‘தெய்யா தெய்’ எனத் தொடங்குவதற்கு உடல் வலிமையினும் மனப் பணிவே பெரிதும் வேண்டப்படும்.

தேபபிரசாத் தாஸ் யார்?

ஒடிசியின் அண்மைக்கால வரலாறு பரதநாட்டிய வரலாற்றோடு ஒத்திருப்பது வியப்பன்று. பூரி ஜெகந்நாதர் கோயிலில் மகரிகள் என்னும் ஆடல்மகளிரும், பெண்வேடம் புனைந்து ஆடும் கோட்டிபுவாச் சிறுவரும் இக்கலையைப் போற்றி வந்தனர். நாடு விடுதலை பெற்ற பின், பங்கஜ் சரண் தாஸ், கேளுசரண் மகாபாத்திரா, தேபபிரசாத் தாஸ், மாயாதர் ராவுத் முதலிய ஆசான்கள் அதற்கு மேடை வடிவம் தந்தனர். 1950களின் இறுதியில் கட்டாக்கில் ‘ஜயந்திகா’ என்னும் பெயரில் ஆசான்களும் அறிஞரும் கூடி ஒடிசியின் இலக்கணத்தை வகுக்க முற்பட்டனர். மங்களாசரணம், பட்டு, பல்லவி, அபிநயம், மோட்சம் என்னும் நிகழ்ச்சி வரிசை நிலைபெற்றது.

பிற ஆசான்கள் நளினத்தையும் மெருகையும் பெரிதும் போற்ற, தேபபிரசாத் தாஸ் ஒடிசாவின் நாட்டுப்புற ஆடல்களிலும் பழங்குடி ஆடல்களிலும் உள்ள வலிமையை விட்டுவிட மனம் கொள்ளவில்லை. அவருடைய பாணியில் தாண்டவத்தின் மிடுக்கு மேலோங்கி நின்றது. வேத்தியல் மேடையில் பொதுவியலுக்கும் இடம் கொடுத்தவர் அவர் எனலாம். 1986ஆம் ஆண்டு அவர் மறைந்தார். அவரிடம் நேரில் கற்கும் பேறு பெற்ற மலேசிய மாணவர், அவர் விட்டுச் சென்ற பாணியைத் தம் வாழ்நாட் பணியாக ஏற்றார்.

சூத்ராவின் தோற்றம்

1983ஆம் ஆண்டு ராம்லி கோலாலம்பூரில் சூத்ரா நடனக் குழுவை நிறுவினார். அதற்கு முன்னரே இந்நாட்டில் இந்திய ஆடல் வேரூன்றி இருந்தது. கோபால் ஷெட்டி, ராதா ஷெட்டி, சிவதாஸ், வத்சலா முதலிய ஆசான்கள் மாணவர் பரம்பரையை உருவாக்கி வந்தனர். 1981ஆம் ஆண்டு சுவாமி சாந்தானந்த சரஸ்வதியின் அருளூக்கத்தால் நுண்கலைக் கோயில் தோன்றியபோது இவ்வாசான்கள் அதன் தூண்களாயினர். ஆகவே ராம்லி வெறுமையில் பயிர் செய்தவர் அல்லர். உழுது வைத்த நிலத்தில் புதியதொரு விதையை ஊன்றியவர்.

எனினும் அவர் வழியில் தடைகள் இல்லாமல் இல்லை. மலாய் இனத்து முஸ்லிம் ஒருவர் சிவனையும் கண்ணனையும் பாடுபொருளாகக் கொண்டு ஆடுவது தகுமோ என்ற வினா ஒருபுறம் எழுந்தது. பிற இனத்தார் ஒருவர் கோயில் ஆடலை எங்ஙனம் உணர்ந்து ஆடக்கூடும் என்ற ஐயம் மறுபுறம் எழக்கூடியதே. இவ்விரு வினாக்களுக்கும் வரலாறே விடை பகர்கிறது. இராமகாதை மலாய் மொழியில் ‘ஹிகாயத் ஸ்ரீ ராமா’ என வழங்கியது. கிளந்தானின் நிழற்கூத்தில் இராமனும் இலக்குவனும் இரவெல்லாம் திரையில் உலவினர். ஆகவே இம்மண்ணுக்கு அக்கதைகள் புதியன அல்ல. மேலும், ருக்மிணி தேவி ஆடல் மரபில் பிறந்தவர் அல்லர். லட்சுமணன் தமிழ் நட்டுவனார் குடியில் தோன்றியவர் அல்லர். பிறப்பால் வந்த உரிமையைக் காட்டிலும் பணிந்து கற்றதனால் வந்த உரிமையே அவர்களை ஆசான்களாக்கிற்று. அதே அளவுகோலையே ராம்லிக்கும் கொள்ளல் முறையாகும்.

ஆடுநர் ஆசானாதல்

ஆடத் தெரிந்தவர் யாவரும் ஆடல் அமைக்க வல்லவர் ஆகிவிடுவதில்லை. தனியாடலில் ஒருவரே தலைவி, அவரே தோழி, அவரே தலைவன். பார்வையின் திருப்பத்திலும் நிற்கும் நிலையின் மாற்றத்திலும் பாத்திரங்கள் மாறுகின்றன. குழுவாடலில் இம்முறை செல்லாது. பத்துப் பேர் ஒரே அடவை ஒரே நேரத்தில் ஆடினால் அஃது உடற்பயிற்சி போலத் தோன்றுமேயன்றி ஆடலாகாது. யார் எங்கிருந்து நுழைவது, அரங்கின் எப்பகுதி வெறுமையாய் நிற்பது, ஒருவர் அசையும்போது மற்றவர் எவ்வாறு உறைந்து நிற்பது, தாளக்கட்டில் ஒரு வரிசை மற்றொரு வரிசைக்கு எங்ஙனம் விடையிறுப்பது எனப் பல கணக்குகள் உள்ளன. கட்டடம் எழுப்புவோன் கல்லை மட்டுமன்றி வெற்றிடத்தையும் எண்ணுதல் போல, ஆடலமைப்போன் அரங்க வெளியையும் எண்ணியாதல் வேண்டும்.

இங்கேதான் மேலைநாட்டு ஆடற்பயிற்சி ராம்லிக்குக் கைகொடுத்தது. அரங்கின் மூலைவிட்டங்களைப் பயன்படுத்துதல், குழுக்கள் பிரிதலும் கூடுதலும், ஒளியமைப்பால் இடத்தை வரையறுத்தல் ஆகியவற்றை அவர் அங்கே கற்றிருந்தார். ஆனால் அவ்வறிவைக் கொண்டு ஒடிசியின் இலக்கணத்தைச் சிதைத்துப் புதுமை காட்ட அவர் முற்படவில்லை. சௌகமும் திரிபங்கமும் வழுவாது நிற்க, அவற்றை ஆடும் உடல்கள் அரங்கில் நிற்கும் முறையே மாறிற்று. இலக்கணம் பிழையாமல் புதுத்தொடர் அமைக்கும் புலவன் செயலோடு இதனை ஒப்பிடலாம். யாப்பு அறியாதவன் யாப்பை மீறுவது அறியாமை. அறிந்தவன் அதனுள் நின்றே புதுமை செய்வது ஆற்றல்.

அவருடைய ஆக்கங்களுள் 2014ஆம் ஆண்டு மேடையேறிய ‘கஞ்சம்’ சிறப்பாகக் குறிக்கத்தக்கது. கஞ்சம் என்பது ஒடிசாவின் தென்பகுதியில் ஆந்திர எல்லையை ஒட்டிய மாவட்டம். பிரகலாத நாடகம், புலியாட்டம் முதலிய நாட்டுப்புறக் கலைகள் செழித்த பகுதி அது. தேபபிரசாத் தாஸின் மாணவரான கஜேந்திர பண்டாவோடு இணைந்து, அந்நாட்டுப்புறக் கூறுகளை ஒடிசியின் உடலோடு பொருத்தி அந்நிகழ்ச்சி ஆக்கப்பட்டது. தம் ஆசான் பொதுவியலைப் போற்றியதற்கு மாணவர் செலுத்திய நன்றிக்கடன் என அதனைக் கொள்ளலாம். மலேசியாவில் உருவான ஓர் ஒடிசி நிகழ்ச்சி இந்தியாவின் மேடைகளுக்கே சென்று ஆடப்பட்டமை எண்ணத்தக்கது. கலையை வாங்கிக் கொண்ட நாடு, அதனை வளர்த்துத் திருப்பித் தந்தது. இப்பணிகளுக்காக இந்திய அரசு 2018ஆம் ஆண்டு அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கியது.

மாணவர் வழி வளரும் மரபு

ஆசானின் பெருமை அவர் பெற்ற விருதுகளால் அன்று, அவர் உருவாக்கிய மாணவராலேயே அளக்கப்படும். சூத்ராவில் தமிழரும் சீனரும் மலாய்க்காரரும் ஒரே தளத்தில் நின்று பயின்றனர். ரதிமலர் கோவிந்தராஜு, ஜனுவரி லோ முதலியோர் அங்கே சிறுவயதில் தொடங்கி உலக மேடைகளை எட்டினர். மேலும், வசதி குறைந்த இந்தியக் குடும்பத்துப் பிள்ளைகளைத் தேடிச் சென்று ஆடல் கற்பிக்கும் திட்டத்தையும் சூத்ரா மேற்கொண்டது. இதன் பொருளை ஆழ எண்ணிப் பார்க்க வேண்டும். தோட்டத்திலிருந்து பெயர்ந்து வந்த தமிழ்க் குடும்பத்துச் சிறுமிக்கு, அவள் முன்னோர் மண்ணின் ஆடலை ஒரு மலாய் ஆசானின் பள்ளி கொண்டு வந்து கொடுக்கிறது. இதனைக் கண்டு நாணுவதா, மகிழ்வதா என்பது அவரவர் உள்ளத்தைப் பொறுத்தது. நாணம் முயற்சியாக மாறுமாயின் அதுவும் நன்றே.

கம்போங் ராஜாவுக்கு என்ன செய்தி?

மீண்டும் மலைக்கு வருவோர்க்கு இவ்வரலாறு மூன்று செய்திகளை உணர்த்துகிறது. முதலாவது, பயிற்சிக்குக் குறுக்குவழி இல்லை என்பது. மாதவிக்கு ஏழாண்டு ஆயிற்று. பொறியியல் பட்டம் பெற்ற ஆடுநர்க்கும் அரைமண்டியிலிருந்தே தொடங்க வேண்டியிருந்தது. ஆண்டு விழாவிற்கு முன் இரு வாரம் பயின்று ஆடுவது பிள்ளைகளுக்கு மகிழ்வளிக்கலாம். அதனையே கலை எனக் கற்பித்தல் ஆகாது.

இரண்டாவது, தோட்டத்துப் பிள்ளை வெறுங்கையோடு நிற்கவில்லை என்பது. பாட்டி ஆடிய கும்மியின் கைத்தட்டலில் தாளம் இருக்கிறது; கரகம் சுமந்தவரின் நிமிர்ந்த கழுத்தில் உடலொழுக்கம் இருக்கிறது; கோலாட்டத்தின் மாறிமாறிச் செல்லும் வட்டத்தில் குழுவமைப்பின் முதற்பாடம் இருக்கிறது. இவற்றைப் ‘பாமரர் ஆட்டம்’ என ஒதுக்கிவிட்டு நகரத்து மேடையை மட்டும் நோக்குவது, கையிலிருக்கும் முதலை எறிந்துவிட்டுக் கடன் கேட்பது போன்றதாகும். தேபபிரசாத் தாஸ் தம் ஊரின் நாட்டுப்புற ஆடலை ஒதுக்கியிருந்தால் அவருடைய ஒடிசிக்கு அம்மிடுக்கு வாய்த்திராது. தமிழாசிரியர்கள் அரங்கேற்று காதையைக் கற்பிக்கும்போது, அம்மாணவர் வீட்டுப் பெரியோரிடம் எஞ்சியிருக்கும் ஆடல்களையும் கேட்டறிந்து எழுதி வரச் செய்வாராயின், வேத்தியலும் பொதுவியலும் ஒரே வகுப்பில் சந்திக்கும்.

மூன்றாவது, கலைக்கு உரியவர் யார் என்பது. நிலத்திற்கு உரிமை பத்திரத்தால் வரலாம். கலைக்கு உரிமை உழைப்பால் மட்டுமே வரும். தேவரடியார் குலத்திலிருந்து அடையாற்றுக்கும், அடையாற்றிலிருந்து காஜாங் இளைஞரிடத்தும் சென்ற ஆடல், எங்கும் ஒரே விலையைத்தான் கேட்டது. அவ்விலை ஆண்டுக்கணக்கான பணிவு. அவ்விலையைக் கொடுத்தவர்களிடம் அது தங்கிற்று. கொடாதவர்களிடம், அவர்கள் எம்மரபில் பிறந்தவராயினும், பெயரளவில் மட்டுமே நின்றது.

தேயிலைச் செடியும் இம்மண்ணுக்கு வந்ததே. கொண்டு வந்து ஊன்றி, களையெடுத்து, காலந்தோறும் கவாத்துச் செய்தவர்களின் கைகளாலேயே அது இம்மலைக்கு உரியதாயிற்று. ஆடலும் அத்தகையதே. புளூ வேலித் தோட்டத் தமிழ்ப்பள்ளியின் முற்றத்தில் இன்று குதித்தாடும் ஒரு சிறுமி, நாளை ஆடுநராகி, பின்னொருநாள் கொழுந்து கிள்ளும் கைகளின் வேகத்தையும் கூடை சுமந்த முதுகின் வளைவையும் அடவாக்கி மேடையேற்றுவாளாயின், தேயிலை மலையின் கதையைச் சொல்லும் ஆடலாசான் ஒருவர் தோன்றியவராவார். அதற்கு வேண்டுவன ஓர் ஆசானும், ஒரு தளமும், ஏழாண்டுப் பொறுமையுமே.